ஹேர்வுட் மாளிகை: இழப்பீடு யாருக்குப் போனது?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகருக்கு வடக்கே ஹேர்வுட் மாளிகை நிற்கிறது. கட்டடம் ஜான் கார், உள்ளலங்காரம் ராபர்ட் ஆடம், மரச்சாமான்கள் தாமஸ் சிப்பெண்டேல், பூங்கா ‘கேப்பபிலிட்டி’ பிரவுன். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த நான்கு பேரையும் ஒரே வீட்டுக்கு வேலை செய்ய வைத்தவரிடம் பணத்துக்குக் குறைவிருந்திருக்காது. கட்டடக்கலைப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த நான்கு பெயர்களோடு முடிந்துவிடும். தோழர்களே, நாம் அங்கே நிற்க வேண்டாம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்போம்.

பார்படாஸ் தீவிலிருந்து வந்தது. ஹென்றி லாசெல்ஸ் என்பவர் அந்தத் தீவின் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் சுங்க வசூல் அதிகாரி. அதிகாரியாக இருந்துகொண்டே சர்க்கரை வியாபாரம் செய்தார், கடற்படைக்கு உணவுப் பொருள் கொடுக்கும் ஒப்பந்தம் எடுத்தார், ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்கும் வணிகத்தில் முதல் போட்டார். வசூலித்த வரியில் கை வைத்தார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது வந்தது. லண்டன் திரும்பிய பிறகு அவருடைய முக்கியத் தொழில் வட்டிக்குக் கடன் கொடுப்பது. கடன் வாங்கியவர்கள் கரும்புத் தோட்ட முதலாளிகள். அடமானமாக எழுதிக் கொடுத்தது நிலம், ஆலை, அதோடு அந்தத் தோட்டத்தில் வேலை செய்த மனிதர்கள். பத்திரத்தில் மாடும் மனிதரும் ஒரே பட்டியலில் வருவார்கள்.

1730-களின் கடைசியில் இந்தப் பணத்தில்தான் ஹேர்வுட், காத்தார்ப் மேனர்கள் வாங்கப்பட்டன. மேனர் என்றால் வெறும் வீடு இல்லை. பிரபுவின் நிலமும் அதில் குத்தகைக்கு உழும் குடிகளும் சேர்ந்தது. நம் ஊர் ஜமீனை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். ஹென்றியின் மகன் எட்வின், பார்படாஸில் பிறந்தவர், 1759-இல் மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். 1771-இல் குடிபுகுந்தார். அதன்பின் கடனைக் கட்ட முடியாத தோட்டக்காரர்களின் சொத்துகள் குடும்பத்தின் கைக்கு வரத் தொடங்கின. 1773-க்கும் 1787-க்கும் இடையில் மட்டும் மேற்கிந்தியத் தீவுகளில் 27,000 ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. நிலத்தோடு அங்கிருந்த அடிமைகளும் கைமாறினார்கள்.

பூங்காவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று அது இயற்கையாகவே அமைந்த ஏரியும் புல்வெளியும் போலத் தெரியும். உண்மையில் ஓடையை அணைகட்டித் தேக்கி ஏரி வெட்டினார்கள். பழைய காத்தார்ப் மாளிகையை இடித்துத் தள்ளினார்கள். தேவாலயத்தைச் சுற்றியிருந்த பழைய ஊர் காலியானது. மாளிகை வாசலுக்கு வெளியே, சாலையோரமாக வரிசை வீடுகள் கட்டி ஊரை அங்கே கொண்டுபோனார்கள். பழைய தேவாலயம் மட்டும் இப்போதும் பூங்காவுக்குள் ஊரில்லாமல் தனியாக நிற்கிறது. இன்னொரு வேடிக்கை: ஊரின் பெயர் ஹேர்வுட், ஆனால் அதே எழுத்துகளைப் பிரபுவின் பட்டத்துக்கு ‘ஹார்வுட்’ என்று உச்சரிப்பதே வழக்கம். ஊர்ப்பெயரைச் சொல்லும் விதத்தில்கூட மேல் கீழ் பார்த்திருக்கிறார்கள்.

1807-இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு யார்க்‌ஷயர் தேர்தலில் அந்தச் சட்டத்துக்காகப் போராடிய வில்பர்ஃபோர்ஸும் நின்றார், இந்தக் குடும்பத்தின் இன்னொரு ஹென்றி லாசெல்ஸும் நின்றார். இடம் இரண்டு, வேட்பாளர் மூவர். குடும்பத்தின் தோட்டங்களும் அடிமைகளும் பிரச்சாரத்தில் பேசுபொருளாயின. பணத்தைக் கொட்டியும் லாசெல்ஸ் 187 வாக்கு வித்தியாசத்தில் மூன்றாவதாக வந்து தோற்றார். ஆனால் வணிகம் ஒழிந்ததே தவிர அடிமைமுறை ஒழியவில்லை. தோட்டங்கள் ஓடின, சர்க்கரை வந்தது, அந்த ஹென்றி இரண்டாம் ஹேர்வுட் பிரபு ஆனார்.

1833-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம். அதில் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் இது ஏறத்தாழ 40 சதவீதம். யாருக்கு இழப்பீடு? உடைமையாளருக்கு! வயல் வேலைக்காரர், கைத்தொழில் தெரிந்தவர், வீட்டு வேலைக்காரர், 6 வயதுக்குட்பட்ட குழந்தை, முதியவர் என்று வகை பிரித்து, தீவுக்குத் தீவு வேறு விலை போட்டுக் கணக்குத் தீர்த்தார்கள். ஹேர்வுட் பிரபு 1,277 பேருக்காக 26,307 பவுண்டு பெற்றார். தலைக்குச் சுமார் 20 பவுண்டு. அந்த 1,277 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. மாறாக, ‘தொழில் பயிற்சி’ என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளிகளிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது.

இதே 1833 சட்டத்தின் 64-ஆவது பிரிவை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களுக்கும் இலங்கைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. அப்போது சென்னை மாகாணத்தில் பறையர், பள்ளர், மலபாரில் புலையர், செருமர் என நம் மக்கள் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடமானம் வைக்கவும் பட்டார்கள். கம்பெனி அதிகாரிகளுக்கு இது தெரியாததல்ல, அவர்களே எழுதிய அறிக்கைகளில் இருக்கிறது. இந்த உழைப்பிலிருந்துதான் நிலவரி வந்தது, அதைக் குலைக்க அவர்களுக்கு மனமில்லை. 1843-இல் வந்த ஐந்தாவது சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. அடிமையை வைத்திருப்பதைக் குற்றமாக்க 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. இழப்பீடு என்ற பேச்சே இங்கு எழவில்லை, நிலமும் கைமாறவில்லை. நேற்று அடிமை என்று எழுதப்பட்டவர் இன்று கடன்பட்ட பண்ணையாள் ஆனார்.

ஹேர்வுட்டுக்குத் திரும்புவோம். 2 கோடி பவுண்டுக்காக அரசு வாங்கிய கடனின் கடைசிப் பங்கு 2015-இல்தான் அடைந்தது. அதாவது பார்படாஸிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பிரிட்டனுக்கு வேலைக்கு வந்த மக்கள் கட்டிய வரியும் தங்கள் முன்னோரின் எஜமானர்களுக்குக் கொடுத்த பணத்துக்காகவே போனது. இதைக் கேட்டு எங்கள் படிப்பு வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

2011-இல் மாளிகையின் நிலவறையில் 1780-ஆம் ஆண்டு பார்படாஸ் ரம் புட்டிகள் தூசி படிந்து கிடைத்தன. ஏலம் விட்டு, வந்த பணத்தை கரீபியக் கலை மரபில் பணியாற்றிய ஜெரால்டின் கானர் பெயரிலான அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். தோட்டத்தில் 2004-இல் பூட்டான் பிக்குகளைக் கொண்டு ஒரு பௌத்தத் தூபியும் எழுப்பியிருக்கிறார்கள். அம்பேத்கரைப் படித்த நமக்கு அந்தப் படம் பார்க்க விசித்திரமாகத்தான் இருக்கிறது. இப்போதைய பிரபு டேவிட் லாசெல்ஸ், அடிமை உடைமையாளர்களின் வாரிசுகள் சிலரோடு சேர்ந்து 2023-இல் ‘அடிமைமுறையின் வாரிசுகள்’ என்ற குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டு மாளிகையில் நடிகர் டேவிட் ஹேர்வுட்டின் உருவப்படத்தை மாட்டினார்கள். அவருடைய பெற்றோர் பார்படாஸ்காரர்கள், அந்தக் குடும்பப்பெயர் அவருடைய முன்னோரை உடைமையாக வைத்திருந்த பிரபுவின் பட்டத்திலிருந்து வந்தது.

தனிமனிதராக அந்தப் பிரபு செய்வதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சட்டம் போட்டு, கடன் வாங்கி, வரி வசூலித்துப் பணம் கொடுத்தது அரசு. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2014-இல் வெளியிட்ட பத்து அம்சக் கோரிக்கையின் முதல் அம்சம் முழுமையான, முறையான மன்னிப்பு. பிரிட்டிஷ் அரசு இன்னும் அதைத் தரவில்லை.