தேயிலைப் பொதியும் கைபேசியும்: மலையகத்தின் கதையைச் சொல்பவர் யார்?

கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டைக்கு அண்மையில் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கை ஆரம்பித்தது அங்கேதான். டெய்லரின் பெயர் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களை அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு நிறுவனத்தையோ அரசையோ பற்றி மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யப்படும் வேலைக்கு மக்கள் தொடர்பு என்று பெயர். இலங்கையில் அந்த வேலையின் பழைய உதாரணங்களில் ஒன்று தேயிலை. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைத் தோட்டத்திலிருந்து நேரடியாகக் கோப்பைக்குக் கொண்டுவருவதாக விளம்பரம் செய்தார். 1932இல் இலங்கைத் தேயிலையை உலகெங்கும் பிரபலப்படுத்துவதற்கென்றே ஒரு பிரசார சபை அமைக்கப்பட்டது. கூடையுடன் சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண் சுவரொட்டிகளிலும் பொதிகளிலும் இடம்பிடித்தாள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தேயிலையின் அடையாளமாக உலகத்துக்குக் காட்டப்பட்ட பெண்ணுக்கு, அந்தத் தேயிலை விளைந்த நாட்டில் வாக்குரிமை இல்லை. அவளுடைய லயத்தைப் பற்றியோ நாட்சம்பளத்தைப் பற்றியோ எந்தச் சுவரொட்டியும் பேசவில்லை. அச்சகமும் விளம்பரப் பணமும் ஏற்றுமதியாளர்களின் கையிலேயே இருந்தன.

போரும் விலைக்கு வாங்கிய சொற்களும்

போருக்குப் பின் அரசும் இதே வழியில் சென்றது. பிரித்தானியாவின் பெல் பொட்டிங்கர் நிறுவனம் இலங்கை அரசுக்காக வேலை செய்தது. ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ 2010இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆற்றிய உரையைத் தாங்களே எழுதியதாக அதன் அதிகாரிகள் பெருமையடித்தனர். வாடிக்கையாளர்கள் போல் வேடமிட்டுச் சென்ற செய்தியாளர்களிடம் அவர்கள் சொன்ன இந்த வார்த்தைகள் 2011 டிசம்பரில் வெளியாகின. இணையத் தேடலில் பாதகமான செய்திகளைக் கீழே தள்ளவும் தங்களால் முடியும் என்று அவர்கள் கூறியிருந்தனர்.

டிஜிட்டல் காலத்தில் இந்தத் தொழில் எப்படி மாறியது என்பதை அந்த வாக்குமூலம் காட்டுகிறது. முன்பு பத்திரிகை ஆசிரியரைச் சம்மதிக்க வைத்தால் போதும். இப்போது தேடுபொறியில் முதலில் எது தெரிகிறது, கலைக்களஞ்சியப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தக் காணொளி பகிரப்படுகிறது என்பவற்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. தென்னாபிரிக்காவில் இனப்பகையைத் தூண்டும் பிரசாரம் செய்ததற்காக 2017இல் தொழில்சார் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பெல் பொட்டிங்கர், அதே ஆண்டில் வீழ்ந்தது.

பணம் கொடுத்து எழுதிய உரைகளுக்கு எதிராக நின்றது கைபேசிக் காணொளி. கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை 2009 ஓகஸ்ட்டில் செனல் 4 ஒளிபரப்பியது. அது போலி என்றது அரசு. காட்சி உண்மையானது என்றே நிபுணர்களின் ஆய்வு பெரிதும் உணர்த்துவதாக 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அறிவித்தார். காணொளியை மட்டும் வைத்து அது நம்பப்படவில்லை. தடயவியல் பரிசோதனையில் தாக்குப்பிடித்ததாலேயே அது சாட்சியமாக நின்றது.

தோட்டத்திலிருந்து வரும் குரல்

2018 ஒக்டோபர் 24 அன்று, தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபா அடிப்படை நாட்சம்பளம் கேட்டு, மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டனர். அந்த அழைப்பு பெரிதும் சமூக ஊடகங்கள் வழியாகவே பரவியது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளும் வழக்குகளும் இருந்தன. ஆனால் கோரிக்கையைச் சொல்வதற்குத் தலைவர்களின் அறிக்கைக்காகக் காத்திருக்கும் நிலை அன்று மாறியது. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று, அங்கே போரையும் சந்தித்த குடும்பங்களுக்கு இந்தக் குரல் அந்நியமானதல்ல.

இதே கருவி கண்டியில் வீடுகளையும் எரித்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. அரசு சமூக ஊடகங்களைச் சில நாட்களுக்கு முடக்கியது. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. இதற்கிடையே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எந்தப் பதிவு பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. இனி பேசுபவர் ஆதாரத்தோடு பேசுவது முன்னைவிட அவசியம்.

நம் கையில் உள்ளவை

படமோ காணொளியோ எடுத்தால் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது தரம் குறைவதுடன், எடுத்த நேரம், இடம் போன்ற விபரங்களும் பெரும்பாலும் போய்விடும். திகதி, இடம், எடுத்தவர் ஆகியவற்றைத் தனியே குறித்து, இன்னொரு இடத்திலும் பிரதி வையுங்கள். பாதிக்கப்பட்டவரின் முகத்தை அவர் சம்மதமின்றிப் பகிர வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தரப்படுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். லயத்துக்குப் பதிலாக வழங்கப்படும் வீட்டுக்கு ஒதுக்கிய நிதி, மண்சரிவு அபாய அறிக்கை, காணி உறுதி பற்றிய தீர்மானம் ஆகியவற்றை இப்படிக் கேட்டுப் பெறும் ஒரு பக்கம், நூறு பகிர்வுகளைவிட அலுவலகத்தில் அதிகம் எடுபடும்.

லூல்கந்துரவின் முதல் தொழிலாளர்களுக்கு எழுதி வைக்க வசதி இருக்கவில்லை. அவர்களுடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகளின் கையில் இன்று கைபேசி இருக்கிறது. அதில் பதிவாவது பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நம்பப்பட வேண்டுமானால், அதை இன்றே ஒழுங்காகப் பாதுகாக்க வேண்டும்.