காசு வேறு, கேஷ் வேறு

ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடை. பில் போட்டு முடித்த பெரியவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "கேஷா, ஜிபேயா?" என்றார். நோட்டுகளை நீட்டினேன். எச்சில் தொடாமல் இரண்டு தடவை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டுக் கல்லாவுக்குள் தள்ளிவிட்டுச் சொன்னார்: "கேஷ் கேஷ்னு சொல்றோமே, அது நம்ம காசுதான் சார். வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். பேரன் வாட்ஸப்புல காட்டினான்."

அதில் பாதிதான் உண்மை. சேலை வாங்க வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்ட மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

கடையில் இன்று நாம் சொல்லும் கேஷ், ஐரோப்பாவில் பிறந்த சொல். பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக லத்தீன் 'காப்ஸா' வரை போகும். பொருள், பெட்டி. முதலில் பணம் வைக்கும் பெட்டியைக் குறித்தது; பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தையே குறிக்கத் தொடங்கியது. "இன்னிக்குக் கல்லா நல்லா கட்டுச்சு" என்று நம் கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அதே வழிதான். ஆரணிக்கு இந்தப் பெட்டியோடு ஒரு பழைய உறவும் உண்டு. 1751 கடைசியில், ஆற்காட்டு முற்றுகை முறிந்த பிறகு, கம்பெனிப் படையின் கிளைவ், முற்றுகையிட்டிருந்த ராஜா சாகிபைத் துரத்தி வந்து ஆரணிக்கருகே தோற்கடித்தபோது, எதிரியின் படைச்செலவுப் பெட்டி அவர் கைக்குப் போனதாக வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதுகிறார். பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெட்டிக்கே கேஷ் என்று பெயர் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஆங்கில அகராதியில் இதே எழுத்துக்கூட்டலோடு இன்னொரு கேஷ் உண்டு. அதற்குப் பொருள் சில்லறைச் செப்புக்காசு. அதுதான் நம்முடையது. போர்த்துக்கீசியர் நம் கரையில் 'காசு' என்று கேட்டதைத் தங்கள் வாய்க்கு வந்தபடி 'கைஷா' என்றார்கள். பெட்டிக்கும் அவர்கள் மொழியில் அதுதான் சொல். பெட்டியும் காசும் ஒரே ஒலியில் சிக்கிக்கொண்ட குழப்பம் அங்கே தொடங்கியது. வாட்ஸப்பில் இன்னும் முடியவில்லை. போர்த்துக்கீசியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கி 'கேஷ்' ஆக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்காக இங்கிலாந்தில் 1803-இல் அடித்த செப்பு நாணயத்தில் இருபது கேஷ் என்று பொறித்திருக்கிறது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திரப் பகோடா. இந்தக் கணக்கு 1818-இல் ரூபாய் வந்து விழுங்கும்வரை ஓடியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கு நாடு விடுதலை பெற்ற பிறகும் கொஞ்ச காலம் நடந்தது.

காசு என்ற சொல் நமக்கு எங்கிருந்து வந்தது? வடமொழியின் 'கர்ஷ' என்ற எடைப்பெயரிலிருந்து என்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அதன் பழைய பொருள். சங்க நூல்களில் காசு என்றால் பல இடங்களில் அணிகலனில் கோக்கும் பொன்மணி. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் பாட்டொன்றில், கிளி அலகில் பிடித்திருக்கும் வேப்பம்பழம், புது நூலில் கோப்பதற்காக நகநுனியில் பிடித்த பொற்காசைப் போல் இருக்கிறது என்று வருகிறது. கோத்தது போய் எண்ணுவதாக அது மாறியது பின்னால்தான். சோழர் காலத்தில் காசு முழு நாணயம். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி. தறிக்கு விதித்த வரிக்குத் தறியிறை என்று பெயர். ஆரணியில் யாரிடமாவது அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அகராதி வேண்டியிருக்காது.

இனிச் சீனம். போர்த்துக்கீசியர் மலாக்கா, ஜாவா பக்கம் போனபோது, அங்கே கடைத்தெருவில் புழங்கிய நடுவில் ஓட்டையுள்ள சின்னக் காசுகளுக்கும் கையிலிருந்த சொல்லையே ஒட்டினார்கள். சீனத்துக்குள் போனபோதும் அதுவே. சீனர் அதை 'வென்' என்றார்கள், ஆயிரம் வென் கோத்த சரத்தைக் 'குவான்' என்றார்கள். ஐரோப்பியருக்கு எல்லாம் 'கேஷ்'. அதுபோலவே சீன அதிகாரியை 'மாண்டரின்' என்றார்கள். அது மலாய் 'மெந்தெரி' வழியாக வந்த நம் மந்திரி. வெள்ளியை நிறுக்கும் 'லியாங்' என்ற எடையை 'டேல்' என்றார்கள். மலாயில் 'தாஹில்', அதற்கும் பின்னால் தோலாவும் துலாவும் நிற்கின்றன என்பது சொல்லாராய்ச்சிக்காரர்களின் கருத்து. ஆக, மிங், சிங் அரசுகளின் வரவுசெலவை விளக்கும் ஆங்கிலப் புத்தகம் எதைப் புரட்டினாலும், மந்திரிகள் தோலாவிலும் காசிலும் வரி வாங்கிக்கொண்டிருப்பார்கள். இதில் ஒரு சொல்லும் சீனர் வாயில் வந்ததில்லை.

அந்த வரிக்கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தானியம், துணி, ஊழியம் என்று பலவாறாக வாங்கிக்கொண்டிருந்த வரிகளை ஒன்றாக முறுக்கி வெள்ளியில் வாங்கும் 'ஒற்றைச் சவுக்கு' முறையை, மிங் அமைச்சர் ஜாங் ஜூசெங் 1581-இல் நாடு முழுக்கப் பரப்பினார். வரி வெள்ளியில், குடியானவன் சந்தையில் பார்ப்பது செப்புக்காசு. ஆயிரம் காசு ஒரு டேல் என்பது ஏட்டுக் கணக்கு. வெள்ளியின் விலை ஏறினால் வரிப்புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் வரி ஏறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுதான் நடந்தது. இந்தியாவில் விளைந்த அபினுக்கு விலையாக வெள்ளி வெளியே ஓட, நூற்றாண்டின் நடுவில் ஒரு டேலுக்கு இரண்டாயிரம் காசுக்கு மேல் எண்ணி வைக்க வேண்டியிருந்தது. அதே நிலம், அதே வரி, இரண்டு மடங்கு காசு.

இன்னொன்று, நகைக்கடைக்குப் போன எவருக்கும் விளங்கும். மக்கள் கட்டிய சின்னச் சின்ன வெள்ளித்துண்டுகளை உருக்கிக் கட்டியாக வார்க்கும்போது கொஞ்சம் குறையும். அந்தக் குறைக்கென்று அதிகாரிகள் வரிக்குமேல் கூடுதலாக வாங்கினார்கள். சீனத்தில் அதற்குப் பெயர் 'ஹுவோஹாவ்', தீயில் போன கழிவு. நம் ஊரில் அதுதான் சேதாரம். நூற்றுக்கு ஒன்றிரண்டு போக வேண்டிய இடத்தில் இருபது முப்பது என்று வாங்கியவர்களும் உண்டு; மிச்சம் யார் பையில் போனது என்று சொல்லத் தேவையில்லை. யொங்செங் பேரரசர் 1724-இல் செய்ததுதான் எனக்கு வியப்பு. சேதாரத்தை ஒழிக்கிறேன் என்று அவர் கிளம்பவில்லை. அதை அளவுபடுத்தி, மாகாணக் கருவூலத்தில் கட்டச் செய்து, அதிலிருந்தே அதிகாரிகளுக்கு 'நேர்மையை வளர்க்கும் வெள்ளி' என்று தனிப்படி கொடுத்தார். லஞ்சத்துக்கு ரசீது போட்டுச் சம்பளமாக்கியது போலத்தான். கேலியாகத் தோன்றினாலும் கொஞ்ச காலம் அது வேலை செய்தது.

அதே யொங்செங்கின் கணக்குப்பிள்ளைத்தனத்தில் அடிபட்டது ஒரு நெசவுக் குடும்பம். நெசவு செய்த குடும்பமன்று, நெய்வித்த குடும்பம். அரண்மனைக்குப் பட்டு நெய்ய நான்ஜிங், சூஜௌ, ஹாங்ஜௌ ஆகிய மூன்று ஊர்களில் அரசுத் தறிச்சாலைகள் இருந்தன. நான்ஜிங் சாலை சாவ் குடும்பத்தின் பொறுப்பில் பல பத்தாண்டுகள் இருந்தது. சாவ் யின் காலத்தில் பேரரசர் காங்ஷி வந்து தங்கிப்போகும் அளவுக்குச் செல்வாக்கு. அந்தச் செலவில் கணக்கு பெரிய துண்டாக விழுந்தது. பட்டுக்காரர் வீட்டில் துண்டு விழுவது பொருத்தம்தான். யொங்செங் விடவில்லை. 1728-இல் வீடும் சொத்தும் பறிபோயின. அப்போது சிறுவனாக இருந்த சாவ் ஷூவேச்சின்தான் பின்னாளில் 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலை எழுதினார். சீனத்தின் தலைசிறந்த நாவல் என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் ஒரு தறிச்சாலையின் பாக்கிப் பட்டியல் கிடக்கிறது.

நம் சொல் சீனக் காசுக்குப் பெயராகப் போவதற்கு வெகு முன்பே, சீனக் காசு நம்மிடம் வந்திருக்கிறது. 1077-இல் சீனத்துக்குப் போன 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழுவுக்குக் கொண்டுபோன பொருள்களுக்கு ஈடாகக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு. தஞ்சைப் பக்கத்துப் புதையல்களில் ஓட்டைக்காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. சியென்லுங் பேரரசர் காலத்தது. முன்பக்கம் நாலு சீன எழுத்து, பின்பக்கம் வார்த்த சாலையைச் சொல்லும் மஞ்சு எழுத்து. அடுத்த முறை ஆரணிக்குப் போனபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கல்லாப் பெரியவரிடம் காட்டத்தான் நினைத்தேன். கடையில் முகூர்த்தக் கூட்டம். ஒரு பெண் சேலையை விரித்து, "இந்தக் காயின் புட்டா வேற கலர்ல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காசு என்ற சொல் ஜரிகை வட்டத்திலிருந்தும் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பின்தெருவில் தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுக்குப் போனேன்.

தறிக்குழியில் இருந்தபடியே வாங்கிப் பார்த்தார். "வாஷர் மாதிரி இருக்கே சார்."

"சீனாக் காசுங்கய்யா. இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ஓட்டை எதுக்குச் சதுரமா?"

அச்சில் அடிக்காமல் வார்ப்பில் ஊற்றிச் செய்ததால் விளிம்பில் பிசிறு நிற்கும், நிறையக் காசுகளைச் சதுரக் கம்பியில் மொத்தமாகக் கோத்து அரம் போட்டு ராவுவார்கள் என்றேன்.

"ஓ. உருண்டைக் கம்பின்னா சுத்திக்கும்." ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த ஊடைநூல் மிச்சத்தை ஓட்டைக்குள் விட்டு, முடிச்சுப் போட்டுத் தூக்கிப் பிடித்தார். அரக்குப் பட்டில் காசு கொஞ்சம் ஆடி நின்றது. எடை பார்ப்பவர் போல ஒருமுறை மேலும் கீழும் அசைத்துவிட்டு, நூலோடு என் கையில் கொடுத்தார்.