சின்னவீரமங்கலத்து அடுப்பும் ஓர் உபதொழிலின் சரித்திரமும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில், முன்னாளில் சமையல் தொழில் செய்து வந்த பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரன்மாரும், விவசாய வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் நாலு காசு வர வழி தேடி, 2018-ஆம் ஆண்டில் வயல்வெளியில் அடுப்பு மூட்டித் தாங்கள் சமைப்பதைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிடத் தொடங்கியபோது, அச்சிறு முயற்சி உலகெங்கும் பிரசித்தி பெறும் என்று ஊகித்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

யூடியூப் பிறந்தபோது அதில் சம்பாத்தியம் என்ற பேச்சே இல்லை. 2005 ஏப்ரல் 23 அன்று அதில் ஏறிய முதல் காட்சி, அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன் நின்று பேசிய சில வினாடிப் பேச்சு; அவ்வளவே. மறு ஆண்டு கூகுள் அதனை 165 கோடி டாலருக்கு வாங்கியது. 2007-இல் ஏற்பட்ட பங்குதாரர் திட்டமே இத்தொழிலின் உண்மையான ஆரம்பம் என்பது என் அபிப்பிராயம். பத்திரிகைக்குக் கதை எழுதியவருக்கும் வானொலியில் பேசியவருக்கும் ஒருமுறை சன்மானம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வதே வழக்கமாக இருந்த உலகில், காட்சியோடு வரும் விளம்பரத்தின் வருமானத்தில் நூற்றுக்கு 55 பங்கு அதை எடுத்தவருக்கே, அது பார்க்கப்படும் காலமெல்லாம் சேரும் என்ற ஏற்பாடு சாமானியமான மாறுதலன்று.

2016-இல் ஜியோ வந்து இணையத்தின் விலை வீழ்ந்த பிறகு, இந்த ஏற்பாடு நம் கிராமங்களையும் எட்டியது. சேனலின் வருமானம் பத்து டாலரைத் தொட்டதும், ஆறு இலக்க ரகசிய எண் அச்சிட்ட கடிதம் ஒன்றைக் கூகுள் தபாலில் அனுப்பும். அந்த எண்ணைப் பதிந்து விலாசத்தை மெய்ப்பித்து, நூறு டாலரும் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு வரும். ஆகாயமார்க்கமாக நடக்கும் இவ்வியாபாரத்திலும் ஊர்த் தபால்காரருக்கு ஒரு ஸ்தானம் இருப்பது எனக்கு மிக்க சந்தோஷம் தருவது.

2018 ஜனவரியில் விதி கடுமையாயிற்று: மொத்தம் பத்தாயிரம் பார்வைகள் போதும் என்றிருந்த நிலை மாறி, ஆயிரம் சப்ஸ்கிரைபர்களும், பன்னிரண்டு மாதங்களுக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் தேவை என்றாயின. சிறு சேனல்கள் பல வருமானத்தை இழந்தன. அந்தக் கடுமையான ஆண்டிலேதான் பெரியதம்பியின் குடும்பம் அடுப்பு மூட்டியது. ஸ்டூடியோவும் இல்லை, அலங்காரமும் இல்லை. அம்மியில் மசாலா அரைபடுவதையும், போடும் பொருள் ஒவ்வொன்றின் பெயரும் உரத்த குரலில் சொல்லப்படுவதையும், சமைத்த உணவு முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் பரிமாறப்படுவதையும் ஜனங்கள் கண்டார்கள். தெரிந்த தொழிலைத் தெரிந்தபடியே செய்து காட்டியதுதான் அவர்களுடைய மூலதனம். 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் என்ற பெருமை அவர்களுக்குக் கிட்டியது. அப்போது முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் அளித்தார்கள்.

இவ்வழியில் இறங்க எண்ணும் இளைஞர்கள் ஒரு கணக்கை மனத்தில் கொள்ளவேண்டும். நாலாயிரம் மணி என்பது 2,40,000 நிமிஷம். வருகிறவர் ஐந்து நிமிஷம் தங்கினால் 48,000 முறை பார்க்கப்பட்ட பிறகே முதல் விளம்பரக் காசு பிறக்கும். ஆகவே, உழுகிற நிலத்தையோ பார்க்கிற உத்தியோகத்தையோ கைவிடாமல், இதனை உபதொழிலாகவே தொடங்குங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.