பால்மரமும் மகிழுந்து டயரும்



பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் மகிழுந்துகளின் டயர்களைக் கவனிப்பது என் வழக்கம். பேராவில் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு டயர் வெறும் கறுப்பு வளையமாகத் தோன்றுவதில்லை.

1877இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நடுவித்தார். எஞ்சிய மரமொன்றை இன்றும் அங்கே காணலாம். ஆயினும் அக்காலத்துத் துரைமார்களின் கனவெல்லாம் காப்பியே. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைப் பொருத்தினார். பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருக, 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. கங்காணிகள் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அவ்வரவு தொடர்ந்தது.

வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலால்தான் நம் பாட்டிமார் இருளிலேயே மரம் வெட்டச் சென்றனர். மங்கில் சேர்ந்த பாலை அமிலமிட்டு உறையச் செய்து, தகடாக்கிப் புகையூட்டினர். வெறும் ரப்பர் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதனை உறுதிப்படுத்தும் முறையைக் குட்இயர் என்பார் 1839இலேயே கண்டிருந்தார். டயரின் கறுப்பு நிறம் அதனுள் சேர்க்கும் கரித்தூளால் வருவது. அதுவே தேய்மானத்தைக் குறைக்கின்றது.

மரத்திலிருந்து வந்த பொருளாதலின் ரப்பருக்கும் முதுமை உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அதனைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. டயரில் கலந்துள்ள காப்பு மெழுகு, சக்கரம் ஓடும்போதுதான் நன்கு மேலெழுந்து பரவும். எனவே வாரம் ஒருமுறை சந்தைக்கு மட்டும் செல்லும் தாத்தாவின் வண்டியில், பள்ளம் ஆழமாக இருந்தும் பக்கச்சுவர் வெடித்திருப்பதைக் காணலாம். "பூ இன்னும் இருக்கிறதே, வாத்தியார்!" என்பார்கள். பூ இருந்தால் போதாது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் கடைக்காரரிடம் காட்டுங்கள். பத்தாண்டு ஆனதைத் தயங்காமல் மாற்றுங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மழைநீர் வெளியேற வழியின்றி வண்டி நீர்மேல் வழுக்கும். ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் நோக்கி ஏறி இறங்கும் நெடுஞ்சாலையில் மாலை மழை பெய்யும்போது இதனை எண்ணிப் பாருங்கள். இரண்டு டயர்களை மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்சக்கரங்களில் பூட்டச் சொல்லுங்கள்; பின்பக்கம் வழுக்கினால் வண்டியை மீட்பது கடினம்.

காற்று குறைந்த டயர் ஓட ஓட உள்ளே சூடேறி வெடிக்கக்கூடும். அளவு ஓட்டுநர் கதவோரத்துச் சீட்டில் இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்குமுன், காலையிலேயே சோதியுங்கள். பால்வெட்டுப் போல இதற்கும் குளிர்ந்த வேளையே ஏற்றது.