சீரங்கப்பட்டணப் பதக்கம்

பழைய நாணயங்களைத் திரட்டும் அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். போர் வெற்றிகளின் நினைவாக அடிக்கப்பெற்ற பதக்கங்களைத் தேடுவோர் சிலரே. அச்சிலர் பெரிதும் விரும்புவனவற்றுள் ஒன்று சீரங்கப்பட்டணப் பதக்கம். 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் போரில் வீழ, அவர் தலைநகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வெற்றியில் பங்குகொண்ட படையினர்க்குக் கம்பெனியார் வழங்கியது இது. இதனை வடித்தவர் கியூக்லர் என்னும் கலைஞர். அடித்தது பர்மிங்காமை அடுத்த சோஹோவில் மாத்யூ போல்ட்டன் நடத்திய நாணயச்சாலை.

ஒருபுறத்தில் சிங்கமொன்று புலியைக் கீழே வீழ்த்தி அடக்குகிறது. சிங்கம் பிரிட்டன், புலி மைசூர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மேலே பறக்கும் கொடியில், ‘இறைவனின் சிங்கமே வெல்லும்’ என்று பொருள்படும் அரபுத் தொடர் காணப்படுகிறது. அது திப்புவுக்கு உரிய தொடர்! தம் படைக்கலங்களிலும் கொடிகளிலும் அவ்வெழுத்துகளையே புலிமுகமாக வளைத்து எழுதுவித்தவர் அவர். வென்றவர்கள் அதனையும் கொள்ளைப் பொருளோடு சேர்த்துக்கொண்டார்கள் போலும்.

மறுபுறத்தில், இடிந்த மதில்வழியே படை ஏறும் காட்சி. வானத்தில் உச்சிக் கதிரவன். தாக்குதல் நடந்த பட்டப்பகல் வேளையை அது குறிக்கும். அடியில் பாரசீக எழுத்துகள்.

படம் எல்லார்க்கும் ஒன்றே, உலோகம் வேறு. தலைமைத் தளபதிகளுக்குப் பொன். அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பின் வெள்ளி, பின் வெண்கலம். சென்னைப் படையின் சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது வெள்ளீயம். அப்படையில் தமிழரும் இருந்தனர். வெள்ளீயம் மெல்லியது, எளிதில் நசுங்கும், தேயும். ஆதலின் மிகுதியாக அடிக்கப்பெற்ற அதுவே இன்று நல்ல நிலையில் அரிதாகக் கிடைக்கிறது. பதக்கத்தோடு தொங்கவிடும் வளையம் கொடுக்கப்படவில்லை. பெற்றவர்கள் தாமே துளையிட்டும் பற்றவைத்தும் கொண்டனர். துளையிட்டவற்றுக்கு வணிகர்கள் விலை குறைத்துக் கூறுவர். என் கருத்தில் அத்துளை குறையன்று. அதனை அணிந்துகொள்ள ஒருவன் விரும்பினான் என்பதற்குச் சான்று அது.

அவ்வெற்றிக்குப் பின் 7 ஆண்டுகள் சென்றன. புதிய தலைப்பாகையும், தாடியையும் சமயக் குறிகளையும் விலக்கும் ஆணையும் சென்னைப் படையைக் கொதிப்படையச் செய்தன. 1806 ஜூலை 10 அன்று, திப்புவின் மக்கள் காவலில் இருந்த வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, பரங்கிக் கொடியை இறக்கிவிட்டு மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினார்கள்.