ஸ்கேன் அறைக்குள் யாருடைய உழைப்பெல்லாம் இருக்கிறது?



சாதாரண தரப் பெறுபேறு வந்து, பிரிவு தெரிவு செய்யும் காலம் வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு பேச்சு அடிபடும். "உயிரியல் படித்தால்தான் மருத்துவத்துறை. கணிதமும் கலையும் படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்பார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் இயந்திரங்களின் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

1895 நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரொன்ட்ஜென் என்பவர் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தும், சற்றுத் தள்ளியிருந்த திரை ஒளிர்ந்தது. இன்னதென்று தெரியாத அந்தக் கதிருக்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். டிசம்பர் 22இல் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் விரலில் கிடந்த மோதிரமும் தெரிந்தன. அவர் வைத்தியர் அல்ல, பௌதிகவியல் பேராசிரியர். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1901இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுக்கும் ஸ்கேன் வந்த வழி இன்னும் விசித்திரமானது. உலோகத்துக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் கருவி தொழிற்சாலைகளில் இருந்தது. கிளாஸ்கோ நகர மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட், 1955இல் சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போய் அந்தக் கருவியில் சோதித்தார். பிறகு டொம் பிரவுன் என்ற இளம் பொறியியலாளர் அவருடன் சேர்ந்தார். 1958இல் அவர்களுடைய கட்டுரை 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்தது.

சீ.டீ. ஸ்கேன் கணிதத்தின் பிள்ளை. சாதாரண எக்ஸ்ரேயில் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பல கோணங்களிலிருந்து அளந்தால், உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு எடுக்கலாம். அதற்கான கணிதத்தை ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஜொஹான் ராடொன் 1917இலேயே எழுதி வைத்திருந்தார். இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன இ.எம்.ஐ. கம்பனியின் பொறியியலாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் இயந்திரத்தைச் செய்தார். ஆரம்பச் சோதனையில் ஒரு படத்துக்கு அளவெடுக்கவே 9 நாட்கள் பிடித்தன. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. இதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்த பௌதிகவியலாளர் கோர்மக்குடன் 1979இல் அவர் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார். ஹவுன்ஸ்ஃபீல்டிடம் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கவில்லை.

எம்.ஆர்.ஐ.க்காக 2003இல் நோபல் பெற்றவர்களும் வைத்தியர்கள் அல்லர். லோட்டபர் இரசாயனவியலாளர். மான்ஸ்ஃபீல்ட் பௌதிகவியலாளர், 15 வயதில் பாடசாலையை விட்டு விலகி, வேலை செய்துகொண்டே படித்து மேலே வந்தவர்.

சரி, கலைப் பிரிவுப் பிள்ளைக்கு இதில் என்ன பங்கு? ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்கும் சாதாரணமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். 1950களில் ஒக்ஸ்ஃபோர்டில் அலிஸ் ஸ்டுவர்ட் என்ற வைத்தியர், புற்றுநோயால் பிள்ளைகளை இழந்த தாய்மாரிடமும் சுகமான பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே கேள்விக்கொத்தைக் கொடுத்துப் பதில் திரட்டினார். வயிற்றில் இருக்கும்போது எக்ஸ்ரேக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரியவந்தது. அந்த உண்மையை வெளிக்கொண்டு வந்தது புதிய இயந்திரம் அல்ல. தாய்மாரிடம் முறையாகக் கேட்டு, பொறுமையாகக் கேட்டுக்கொண்டதுதான். ஆனாலும் வைத்திய உலகம் அதை ஏற்றுக்கொள்ளப் பல வருடங்கள் எடுத்தது.

ஆகவே இயந்திரத்தைச் செய்ய ஒருவர் வேண்டும். அதன் ஆபத்தை அளக்க ஒருவர் வேண்டும். அதைப் பற்றிச் சட்டம் எழுதவும், அச்சத்தோடு படுத்திருக்கும் நோயாளிக்கு அவருடைய மொழியில் விளக்கவும், கிராமத்து வைத்தியசாலைக்கும் அது கிடைக்கக் கணக்குப் பார்க்கவும் ஆட்கள் வேண்டும். இந்த வேலைகளை ஒரே பீடத்தில் படித்தவர்களால் மட்டும் செய்ய முடியாது.

பல்கலைக்கழகத்தில் எந்தப் பீடத்தில் இருந்தாலும் இந்த வரலாற்றை ஒருமுறை படியுங்கள் பிள்ளைகளே. பெற்றோரே, உயிரியல் கிடைக்காத பிள்ளையைப் பார்த்து "எல்லாம் முடிந்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாமும் வகுப்பறையில் சொல்லமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.