சிடி4 எண்ணாமல் சிகிச்சை: மலாவி சென்ற வழி

எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குக் கூட்டு மருந்தை எப்போது தொடங்குவது? வசதி படைத்த நாடுகளில் இதற்கு விடை சொன்னது இரத்தத்தில் சிடி4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணும் எந்திரம். அது இயங்க விலையுயர்ந்த வேதிப்பொருள், தடையற்ற மின்சாரம், தேர்ந்த பணியாளர் மூன்றும் வேண்டும். 2005க்குள் 30 லட்சம் பேருக்கு மருந்து என உலக சுகாதார நிறுவனம் 2003 டிசம்பரில் இலக்கு அறிவித்தபோது, ஆப்பிரிக்கக் கிராமங்களில் இம்மூன்றுமே அரிது.

மாற்று ஏற்பாடு முன்பே இருந்தது. 1990இல் அந்நிறுவனம் வகுத்த நான்கு மருத்துவ நிலைகளைப் பெரும்பாலும் நோயாளியைப் பார்த்தும் விசாரித்துமே தீர்மானித்துவிடலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடைக் குறைவு, ஒரு மாதம் கடந்த வயிற்றுப்போக்கு, வாயில் வெண்படலம் என்றால் மூன்றாம் நிலை; கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சல் கண்டால் நான்காம் நிலை. இவ்விரு நிலைகளுக்கும் சிடி4 பாராமலே மருந்து தரலாம் என்றது அந்நிறுவனச் சிகிச்சை வழிகாட்டியின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம். இரண்டாம் நிலையில் இருப்பவருக்கு மொத்த லிம்போசைட் 1200ஐத் தாண்டாதிருக்க வேண்டும். இதற்கு நுண்ணோக்கி போதும்: வெள்ளை அணுக்கள் 4000, அவற்றில் நூற்றுக்கு முப்பது லிம்போசைட் என்றால் 1200. ஆனால் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரை, அன்றைய மருந்து வரம்பான சிடி4 200க்கு ஈடாக 1400ஐ முன்வைத்தது. ஊருக்கு ஊர் மாறும் அளவுகோல் நெடுநாள் நிற்கவில்லை.

மருத்துவ நிலைகளிலும் பெரிய ஓட்டை உண்டு. சிடி4 சரிந்தும் வெளியே அறிகுறி காட்டாதவர் பலர்; அவர்கள் மருந்தின்றி வீடு திரும்பினார்கள்.

2004இல் இலவச மருந்தைப் பரவலாக்கத் தொடங்கிய மலாவி, காசநோய்த் திட்டத்தின் பதிவேட்டு முறையைத் தழுவி, மூன்றாம், நான்காம் நிலைகளையே முதன்மைத் தகுதியாக வைத்தது. உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 3,316 பேரிடம் நடந்த டார்ட் ஆய்வு 2009இல் வெளிவந்தது. சிகிச்சை தொடங்கியபின் ஆய்வகக் கண்காணிப்பு பெற்றவர்களில் 90 சதவீதமும், மருத்துவக் கண்காணிப்பு மட்டுமே பெற்றவர்களில் 87 சதவீதமும் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தனர். அந்த மூன்று சதவீதத்தை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஆய்வகம் வரும்வரை மருந்தைத் தாமதிப்பதற்கு அதன்பின் நியாயம் இருக்கவில்லை.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டியின்படி சிடி4 350ஐத் தாண்டாத தாய்க்கு ஆயுள் முழுதும் மருந்து. மற்றவருக்குக் குழந்தைக்குத் தொற்றாதிருக்கத் தற்காலிக மருந்து. சராசரியாக ஐந்துக்கு மேல் பிள்ளை பெற்று, நெடுநாள் பாலூட்டும் நாட்டில் மருந்தைத் தொடங்கி நிறுத்தி, மறுபடி தொடங்குவதா? 2011இல் மலாவி அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்து, தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் ஆயுள் சிகிச்சை என்றது. இதுவே ‘பி பிளஸ்’. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாருமாக, 2011 இரண்டாம் காலாண்டில் 1,257 பேர் சிகிச்சை தொடங்கியிருந்தனர். 2012 மூன்றாம் காலாண்டில் அது 10,663 ஆனது.

உடனே மருந்து தொடங்குவதன் பயனைக் காட்டிய ஸ்டார்ட், டெம்ப்ரானோ ஆய்வுகளின் சான்றோடு, தொற்றுள்ள அனைவருக்கும் மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015இல்தான். 200, 350, 500 என உயர்ந்துவந்த வரம்புகளைத் தூய மருத்துவ முடிவுகளாக மட்டும் படிக்க இயலாது. மருந்தின் விலையும் கையிருப்பும் அவற்றில் கலந்திருந்தன என்பதே என் கருத்து.

சிடி4 பரிசோதனை அதோடு ஒழிந்துவிடவில்லை. முற்றிய நோயோடு வருபவரைக் கண்களால் மட்டும் இனங்காண முடியாது என்பதால், 2017 வழிகாட்டி 200க்குக் குறைந்த சிடி4ஐ முற்றிய நோயின் அடையாளமாக வைத்தது. மருந்து யாருக்கு என்பதற்கல்ல, மூளைக்காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் உடனே யாரைச் சோதிப்பது என்பதற்கே இன்று அந்த எண் தேவை.